முதலில் வீடா, வகுப்பா? பிள்ளைக்கு செஸ் பழக்குவது பற்றி ஒரு வாக்குவாதம்

ஹம்டன்லேன்:

வெள்ளவத்தையில இப்ப எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் செஸ் வகுப்பு எண்டு ஒரு பதாகை தொங்குது. ஸ்கொலர்ஷிப் ரியூசனுக்கு அனுப்புற மாதிரியே ஆறு வயசுப் பிள்ளைகளைச் சனி ஞாயிறில கொண்டுபோய் விடுகினம். நான் சொல்ல வாறது ஒண்டுதான். வீட்டில ஆரோடையாவது கொஞ்சக் காலம் சும்மா விளையாடி, தோத்து, அழுது, திரும்பவும் காய் அடுக்கிப் பழகாத பிள்ளையை வகுப்புக்கு அனுப்பக் கூடாது. வகுப்பே வேண்டாம் எண்டு சொல்லேல்லை. வகுப்பில தொடங்கக் கூடாது எண்டு சொல்லுறன்.

என்ர அண்ணற்ற மகனுக்கு எட்டு வயசு. இத்தாலியன் ஓப்பனிங் எண்ட தொடக்க நகர்வு வரிசையை எட்டாவது நகர்வு வரைக்கும் ஒப்புவிப்பான். போன கிழமை அவனோட இருந்து விளையாடேக்க மூண்டாவது நகர்விலயே நான் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினன். பிள்ளை காயில கை வைக்காமல் என்ர முகத்தைப் பாக்கிறான். "மாமி, இந்த இடத்தில அப்பிடி வைக்கிறேல்லை" எண்டான். வைச்சாச்சு, இனி நீ என்ன செய்யப் போறாய் எண்டு கேட்டன். அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கேல்லை. அவனுக்கு அது சோதினைத்தாளில விடை எழுதுற மாதிரி ஒரு வேலை.

எனக்குப் பழக்கினது அப்பப்பா. 95 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில இருந்து வந்து எங்கட அனெக்ஸில இருந்தவர். 96இல நாடு முழுக்கக் கரண்ட் வெட்டின காலம். லைற் நிண்டவுடன அரிக்கன் லாம்பைக் கொண்டுவந்து பலகைக்குப் பக்கத்தில வைப்பார். ராணியையும் பிஷப்பையும் கொண்டுவந்து நாலாவது நகர்வில முடிக்கிற மேட் எல்லாருக்கும் தெரியும். அதை எனக்கு வைச்சார். திரும்பவும் வைச்சார். என்னெண்டு தடுக்கிறது எண்டு கேட்டால் வாயே திறக்க மாட்டார், வெத்திலைத் தட்டத்தைக் கிட்ட இழுத்துப் பாக்குச் சீவத் தொடங்கிவிடுவார். நான் ராத்திரி படுக்கையில கிடந்து யோசிச்சன். ஒருநாள் அவற்ற ராணி எச் 5இல வந்து நிக்க, என்ர குதிரைக்கு முன்னால நிண்ட சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினன். ராணி வெட்டுப்படுற இடத்தில நிக்குது! ராணி எஃப் 3க்குப் போய்த் திரும்ப என்ர ராஜாவுக்குப் பக்கத்தில இருக்கிற எஃப் 7 கட்டத்தைக் குறிவைச்சுது. குதிரையை முன்னால பாய்ச்சி வழியை அடைச்சன். அப்பப்பா பாக்குவெட்டியை வைச்சிட்டு நிமிர்ந்து உக்காந்தார். அண்டைக்குத்தான் நான் செஸ் பழகினன். அதுக்கு முந்தி எனக்குக் காய் நகர்த்தத்தான் தெரியும்.

இந்தத் தடுப்பை வகுப்பில அஞ்சு நிமிசத்தில சொல்லிக் குடுப்பினம். பிள்ளைக்கு விடை கிடைக்கும், அந்த ராத்திரி கிடைக்காது.

எட்டாம்கட்டம்:

ஹம்டன்லேன் அக்கா, நான் கொழும்பு 6இல் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறவன். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

உங்கள் அப்பப்பா நல்ல ஆசிரியர். அதுதான் விசயமே. உங்களுக்கு ஓர் ஆசிரியர் வீட்டிலேயே கிடைத்தார். வெத்திலைத் தட்டத்தை இழுத்துக்கொண்டு பிள்ளையை யோசிக்க விடத் தெரிந்த பெரியவர் எத்தனை வீட்டில் இருக்கிறார்? என்னிடம் வருகிற பிள்ளைகள் பலருக்கு அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்போது ஆறரை ஏழு ஆகிறது. அப்பப்பா யாழ்ப்பாணத்தில், அம்மம்மா ரொறன்ரோவில். பிள்ளை எட்டாம் மாடி பிளாட்டில் போனோடு இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு "முதலில் வீட்டில் விளையாடு" என்று சொன்னால் அது கதவைச் சாத்துகிற பேச்சு.

வீட்டில் பழகி வருகிறவர்களையும் நான் பார்க்கிறேன். வெள்ளைக் கட்டம் வலது கைப் பக்கம் வரவேண்டும் என்றே தெரியாமல் பலகையைத் திருப்பிப் போட்டு விளையாடியிருப்பார்கள். செக்கில் நிற்கும் ராஜாவைத் தூக்கிக் கோட்டை கட்டுவார்கள், அதாவது ராஜாவையும் கோட்டைக் காயையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவார்கள், செக்கில் அது கூடாது. ஒரு காயைத் தொட்டு, பிறகு மற்றதைத் தொட்டு, கடைசியில் வேறொன்றை நகர்த்துவார்கள். போட்டியில் தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். காயைக் கட்டத்தின் நடுவில் சரியாக வைக்க விரும்பினால்கூட "சரிசெய்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடலாம்.

ஒரு பிள்ளை, அதன் தாத்தா பழக்கியபடி ராஜாவைக் குதிரை மாதிரி ஒருதரம் பாய்ச்சிவிட்டது. நடுவர் வந்து காயைத் திருப்பி வைத்து, எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். விதி அப்படித்தான், இரண்டாவது முறை செய்தால் ஆட்டமே போய்விடும். பிள்ளை அழுதது தோற்றதற்கு அல்ல. "தாத்தா பொய் சொல்லியிருக்கார்" என்று அழுதது. அந்த அழுகையை நான் பார்த்தேன்.

ஜிந்துப்பிட்டிப் பையன்:

சேர், கோவிச்சுக்காதீங்க. அந்தத் தாத்தா பொய் சொல்லல. ராஜா ஒருவாட்டி குதிரை மாதிரி தாவலாம்ங்கிறது நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா விளையாடுன விதி. எங்க தாத்தா செட்டியார் தெருவுல நகைக்கடை கணக்குப்பிள்ளை. கடை சாத்துன பிறகு அவங்க ரெண்டு மூணு பேரு அஞ்சறைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில இருந்து காய எடுத்து வச்சு விளையாடுவாங்க. அவங்க ஆட்டத்துல சிப்பாய் முதல் நகர்வுலயும் ஒரு கட்டம்தான். கோட்டை கட்டுறது கிடையாது. அதுக்குப் பதிலாத்தான் ராஜாவுக்கு அந்தத் தாவல், அதுவும் ஒருவாட்டியும் செக் வாங்காம இருந்தாத்தான். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனா நெனச்ச மாதிரி ராணி ஆகாது. குதிரை நின்ன வரிசையில போய்ச் சேர்ந்தா குதிரை, யானை நின்ன வரிசைன்னா யானை. கோட்டைன்னு நீங்க சொல்றத அவங்க யானைன்னுதான் சொல்வாங்க.

நான் ரெண்டு விதத்தையும் விளையாடி வளந்தவன். தாத்தா ஆட்டம் மெதுவாத்தான் சூடு பிடிக்கும். பத்துப் பன்னெண்டு நகர்வு வரைக்கும் சண்டையே வராது, ரெண்டு பக்கமும் அணி கட்டிக்கிட்டு இருக்கும். எந்த வரிசைச் சிப்பாயைக் கடைசி வரைக்கும் காப்பாத்தணும்னு ஆரம்பத்துலயே யோசிக்கணும், ஏன்னா அது என்னவா மாறும்ங்கிறது வரிசையிலயே இருக்கு. அந்த ஆட்டத்துக்குன்னு ஒரு புத்தி வேணும். அதத் தப்புன்னு ஒரே வார்த்தையில தள்ளுறது எனக்குச் சரியாப் படல.

எட்டாம்கட்டம்:

தம்பி, தாத்தா ஆட்டத்தைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைதான் அப்படி நினைத்தது. நீங்கள் எழுதியதை அப்படியே என் வகுப்பில் வாசிக்கப் போகிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம் என்பது ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பக்கமாக நிலைத்த விதி. ராணிக்கு இன்றைய வேகம் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதற்கு முன் அந்தக் காய் மூலைவிட்டத்தில் ஒரே ஒரு கட்டம்தான் போகும். சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்துச் சிப்பாயிடமிருந்து தப்பிவிடக் கூடாது என்றுதான் "என் பசான்" வெட்டு இருக்கிறது, அது ஒரு கட்டம்தான் போனதுபோல் எண்ணி வெட்டுகிற விதி. பிள்ளைகள் அந்த விதியை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணுவார்கள். பழைய ஆட்டத்தை ஒருநாள் விளையாட விட்டால் அது ஏன் வந்தது என்று தானாக விளங்கும். ஆனால் கவனியுங்கள், இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒருவர் வேண்டும். அது வகுப்பில்தான் நடக்கும்.

ஹம்டன்லேன்:

எல்லாம் வகுப்பில வந்து முடியுது உங்களுக்கு.

விஸ்வநாதன் ஆனந்தை எடுங்கோ. ஆறு வயசில பழக்கினது தாய். எழுபதுகளின்ர கடைசியில தகப்பன்ர வேலைக்காக மணிலாவில இருந்தவை. அங்க ரிவியில பகல்ல ஒரு செஸ் நிகழ்ச்சி போகும், முடிவில ஒரு புதிர் குடுப்பினம். பெடியன் பள்ளிக்கூடத்தில இருக்கிற நேரம் தாய் அதைப் பாத்துக் குறிச்சு வைப்பா. பின்னேரம் இரண்டு பேரும் இருந்து விடை கண்டுபிடிச்சு அனுப்புவினம். பரிசு புத்தகம். கடைசியில அந்த நிகழ்ச்சிக்காரர் அவரைக் கூப்பிட்டு, வேணுமான புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு போ, இனி விடை அனுப்பாதை எண்டு சொன்னவையாம். உலக சம்பியன் ஒருத்தர் குசினிக்குப் பக்கத்தில தாயோட இருந்து உருவானவர்.

எட்டாம்கட்டம்:

அக்கா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தத் தாய்தான் மகனைச் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் இருந்த மிகைல் தால் செஸ் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே பெரியவர்களோடு மணிக்கணக்காக, சில நிமிடங்களில் முடிகிற மின்னல் ஆட்டம் ஆடித்தான் அந்த வேகம் வந்தது. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், செஸ்ஸில் ஆக உயர்ந்த பட்டம் அது. வீட்டையும் கழகத்தையும் அவர் ஒருபோதும் முன்பின் என்று வரிசைப்படுத்தியதாகத் தெரியவில்லை. நீங்கள்தான் வரிசைப்படுத்துகிறீர்கள்.

ஹம்டன்லேன்:

கழகம் வேற, வகுப்பு வேற. கழகத்தில ஆள் வெல்ல வருகினம். வகுப்பில பிள்ளை கேட்டு எழுத வருது. நீங்களே சொல்லுறியள், பெரியவையோட விளையாடினவர் எண்டு. உங்கட வகுப்பில எட்டு வயசுப் பிள்ளை அறுபது வயசு ஆளோட விளையாடுமோ? ஒரே வயசு, ஒரே மட்டம், ஒரே பயிற்சித்தாள். அதைத்தான் நான் பிழை எண்டுறன்.

லொட்ஜ்காரன்:

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான். நீங்கள் இரண்டு பேரும் விட்ட இடம் ஒண்டு இருக்கு.

எனக்கு வீட்டிலயும் ஒருத்தரும் பழக்கேல்லை, வகுப்பும் இல்லை. தொண்ணூறுகளின்ர கடைசியில கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜில தகப்பனோட இருந்தனான், பத்து வயசு. அங்க இருந்த இளம் பெடியள் எல்லாரும் வெளிநாட்டுக்குப் போக எண்டு பாஸ்போட்டை ஏஜென்சியிட்டக் குடுத்திட்டுக் காத்துக்கொண்டு இருந்தவை. போர்க்காலம், பொலிஸ் பதிவு, சோதனை, பின்னேரத்துக்குப் பிறகு வெளிய போகப் பயம். நேரம் மட்டும் நிறைய இருந்துது. மட்டக்களப்பு அண்ணை ஒருத்தர் ஒரு செஸ் பெட்டி வைச்சிருந்தார். அதில கறுப்புக் கோட்டை ஒண்டு இல்லை. அதுக்குப் பதிலா ஒரு பேனாலைற் பற்றறியை நிமித்தி வைப்பம். மெல்லிசா இருக்கிறதால பலகை கொஞ்சம் ஆடினாலே விழும். விழுந்தால் எந்தக் கட்டத்தில நிண்டது எண்டு சண்டை. அந்தச் சண்டைக்காகவே ஒவ்வொரு நகர்வையும் ஞாபகம் வைக்கப் பழகினம்.

சேர் சொன்ன "தொட்டால் நகர்த்து" எங்களிட்ட ஒரு போட்டிக்கும் குறையாமல் இருந்துது. ஏனெண்டால் தோக்கிற ஆள் எல்லாருக்கும் கீழ போய்ப் பிளேன்ரீ வாங்கிவர வேணும். ஒரு ராத்திரி கதவைத் தட்டினால், ஆட்டம் அப்பிடியே பலகையோட கட்டிலுக்குக் கீழ போகும். சோதனை முடிஞ்சு அவை போன பிறகு இழுத்து எடுத்து விட்ட இடத்தில இருந்து விளையாடுவம். ஒருக்கால் அரைவாசி ஆட்டத்தில ஒரு அண்ணைக்கு ஏஜென்சியிட்ட இருந்து தகவல் வந்து உடன வெளிக்கிட்டிட்டார். மற்ற அண்ணை அந்தப் பலகையைக் குழப்ப விடேல்லை. வேற ஆரும் விளையாட வேணுமெண்டால் மட்டையில கீறிச் சோடா மூடியை வைச்சு விளையாடச் சொன்னவர்.

எனக்குப் பழக்கினது அந்த இடம். சொந்தமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. வயசு வித்தியாசம் பாக்காமல் உங்களோட இருந்து விளையாட நேரம் உள்ள ஆக்கள். இண்டைக்குக் கொழும்பில இல்லாதது வீடும் இல்லை, வகுப்பும் இல்லை. அந்த ஆக்கள்தான் இல்லை.

மருதானை நானா:

லொட்ஜ்காரன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. எங்கட பக்கம் செஸ் குறைவு, டாம்தான், எதிராளிட காயத் தாண்டி வெட்டுற ஆட்டம். திரீவீல் நிக்கிற இடத்துல பலகை ஒன்று போட்டு, ஒராள் மூடியக் கவுத்து வைப்பார், மற்றாள் மல்லாத்தி வைப்பார். நான் ஸ்கூல் விட்டு வரக்குள்ள அங்க நின்று பார்த்துப் பார்த்துத்தான் பழகினேன். வாப்பா வந்து காதப் பிடிச்சு இழுத்துட்டுப் போவார், அடுத்த நாளும் நிப்பேன். பிறகு செஸ் படிக்கக்குள்ள எனக்கு அது அந்நியமாத் தெரியல. முன்னால ரெண்டு மூணு நகர்வப் பார்க்கிற பழக்கம் அங்கயே வந்துட்டு.

பிள்ளையள் விளையாடுறத விட முந்திப் பார்க்கணும். பெரிய ஆக்கள் கோவிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு விளையாடுறதப் பார்க்கணும். வகுப்புல அது கிடையாது.

கடைசி வாங்கு:

எல்லாருடைய நினைவும் அழகாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன். லொட்ஜில் விளையாடியவர்களில் பெண்பிள்ளை யாராவது உண்டா? திரீவீல் நிற்கிற இடத்தில் நான் பள்ளிச் சீருடையோடு நின்று பார்த்திருக்க முடியுமா? செட்டியார் தெருக் கடையில் கணக்குப்பிள்ளைகளோடு ஜிந்துப்பிட்டித் தம்பியின் அக்கா தங்கச்சி உட்கார்ந்தார்களா?

எங்கள் வீட்டில் செஸ் பலகை இருந்தது. அது அண்ணாவுக்குப் பிறந்தநாளுக்கு வந்தது. அப்பாவும் அண்ணாவும் விறாந்தையில் விளையாடுவார்கள், நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு நின்று பார்ப்பேன். அண்ணாவின் குதிரை வெட்டுப்படப் போகிறது என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தால் "உனக்கென்ன இதில" என்று வரும். பார்த்துப் பழகலாம் என்று நானா சொல்கிறார். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது எப்படியென்று எனக்குத் தெரியும்.

நான் முதன்முதலாக ஒரு காயைக் கையில் எடுத்து நகர்த்தியது பள்ளிக்கூடத்தில். ஒரு ரீச்சர் நூலகத்தின் மூலையில் நான்கு பலகை போட்டு, விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். வகுப்புத்தான் அது. நேரம் குறித்து, பெயர் எழுதி, வரிசையாக உட்காரவைத்து. எனக்கு அது சிறையாகத் தெரியவில்லை. முதல் ஆட்டத்திலேயே வென்றேன், எதிரில் இருந்தவளுக்குக் குதிரை பாய்கிற விதம் பிடிபடவில்லை. எனக்கு விறாந்தையில் நின்றே பிடிபட்டிருந்தது. ஆனால் உட்காரக் கதிரை தந்தது வகுப்பு.

சென்னை வைஷாலியைப் பாருங்கள். ரிவி பார்ப்பதைக் குறைக்கலாம் என்று பெற்றோர் அவரைத்தான் முதலில் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். தம்பி பிரக்ஞானந்தா அக்காவைப் பார்த்துத்தான் வந்தார். தம்பி 2018இல் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர். அக்கா 2023 டிசம்பரில் அந்தப் பட்டத்துக்கு வேண்டிய 2500 தரப்புள்ளியைத் தாண்டினார். இப்படி அக்காவும் தம்பியுமாக இரண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகத்திலேயே முதல்தடவை. பெண்பிள்ளைக்கு ஒரு வகுப்பில் இடம் கிடைத்ததால் தொடங்கியது அது.

ஹம்டன்லேன்:

தங்கச்சி, நீங்கள் சொன்னது மனசைக் குத்துது. ஆனால் அது அந்த வீட்டின்ர குறை. நானும் பொம்பிளைப் பிள்ளைதான், அப்பப்பா என்னைத்தான் கூப்பிட்டு இருத்தினவர். ஹங்கேரியில போல்கார் சகோதரிகள் மூண்டு பேரையும் தகப்பன் வீட்டில வைச்சுத்தான் பழக்கினவர். யூடிட் 1991இல பதினைஞ்சு வயசில கிராண்ட்மாஸ்டர் ஆகி, ஆக இளைய கிராண்ட்மாஸ்டர் எண்ட பிஷ்ஷரின்ர சாதனையை முறிச்சவ. 2002இல முன்னாள் உலக சம்பியன் கஸ்பரோவையே வெண்டவ. திருத்த வேண்டியது வீட்டை. வீடு பிழை எண்டிட்டுப் பிள்ளையைக் காசு குடுத்து வெளிய அனுப்பிவிட்டால் வீடு அப்பிடியே இருக்கும்.

கடைசி வாங்கு:

அக்கா, வீடு திருந்தும்வரை பிள்ளை வளராமல் நிற்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணாவும் அப்பாவும் திருந்துவதற்கு நான் எத்தனை வயதுவரை தேத்தண்ணி கொண்டுபோயிருக்க வேண்டும்?

போல்கார் வீட்டில் தகப்பன் பிள்ளைகள் பிறக்கும் முன்னமே முடிவெடுத்துவிட்டார். அவருடைய முழுநேர வேலையே அதுதான். அது வீடு அல்ல, அது வகுப்பு. வீட்டுக்குள் நடந்தது, அவ்வளவுதான்.

கணக்கு வாத்தி:

இடையில் ஒரு விசயம். பெற்றோர் பலர் செஸ் வகுப்புக்கு அனுப்புவதே கணிதப் புள்ளி கூடும் என்ற நம்பிக்கையில்தான். நான் பம்பலப்பிட்டியில் கணிதம் படிப்பிக்கிறவன். இங்கிலாந்தில் நூறு ஆரம்பப் பாடசாலைகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. முப்பது கிழமை, கிழமைக்கு ஒரு செஸ் பாடம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, செஸ் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் கணிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆர்மீனியா 2011இல் செஸ்ஸைப் பாடசாலைப் பாடமாகவே கட்டாயமாக்கியது, அது அந்த நாட்டுக்கு அந்த விளையாட்டில் உள்ள பற்று. கணிதம் வேண்டுமென்றால் கணிதம் படிப்பியுங்கள். செஸ் வேண்டுமென்றால் செஸ்ஸுக்காக அனுப்புங்கள். இதற்கு மேல் எனக்கு இந்தச் சண்டையில் பக்கம் இல்லை.

எட்டாம்கட்டம்:

சேர், நன்றி. கணிதப் புள்ளி கூடும் என்று நான் ஒரு பெற்றோருக்கும் சொன்னதில்லை. அப்படிக் கேட்டு வருகிறவர்களை முதல்நாளே திருத்தித்தான் சேர்க்கிறேன்.

ஹம்டன்லேன் அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன், அறுபது வயது ஆளோடு பிள்ளை விளையாடுமோ என்று. இல்லை, விளையாடுவதில்லை. லொட்ஜ்காரன் எழுதியதை வாசித்த பிறகு அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பயிற்சித்தாள் என்றால் விடையை எழுதிக் கொடுப்பது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் நாலு நகர்வு மேட்டுக்கான தடுப்பைச் சொல்லிக் கொடுப்பதில்லை. நிலையைப் பலகையில் வைத்துவிட்டுக் கறுப்புக்கு நகர்வு என்று மட்டும் சொல்வேன். குதிரையை எஃப் 6க்கு எடுப்பார்கள், எச் 5இல் நிற்கிற ராணியைத் துரத்துகிறோம் என்ற சந்தோசத்தில். ராணி எஃப் 7ஐ வெட்டி மேட். மறுபடி வை. யாராவது ஒருவர் சிப்பாயைத் தள்ளும்வரை நான் சன்னலோரம் நிற்பேன். உங்கள் அப்பப்பா பாக்குச் சீவியதும் நான் அங்கே நிற்பதும் ஒரே வேலைதான்.

லொட்ஜ்காரன்:

சேர், அப்பிடி எண்டால் ஒண்டு கேக்கட்டா. உங்கட வகுப்பு நடக்கிற இடத்தில மாசத்துக்கு ஒருக்கால் எங்களை மாதிரி ஆக்களையும் உள்ளுக்கு விடுவியளோ? சொல்லிக் குடுக்க இல்லை. பிள்ளையளோட விளையாட. தோத்தால் பிளேன்ரீ நான் வாங்குறன்.

ஜிந்துப்பிட்டிப் பையன்:

நானும் வர்றேன். தாத்தா பெட்டி இன்னும் எங்கிட்ட இருக்கு. ஒரு பலகையில ஒத்தைக் கட்டச் சிப்பாய் ஆட்டம் வச்சுக்கலாம். அந்தத் தாத்தா பொய் சொன்னார்னு அழுத பிள்ளையையும் வரச் சொல்லுங்க சேர்.

மருதானை நானா:

சனிக்கிழமை எண்டா நானும் வாறேன், மகளையும் கூட்டிக்கிட்டு.

கடைசி வாங்கு:

வருகிறவர்கள் ஆண்கள் மட்டும் என்றால் பழைய விறாந்தைதான் திரும்ப வரும். நான் வருகிறேன். எனக்கு ஒரு பலகை தனியாக வேண்டும், பெண்பிள்ளைகளோடு மட்டும் விளையாட அல்ல, எல்லாரோடும்.

ஹம்டன்லேன்:

நல்லது, செய்யுங்கோ, நானும் வாறன். ஆனால் நான் முதல்ல சொன்னதில இருந்து மாறேல்லை. ஆறு வயசுப் பிள்ளைக்குப் புள்ளியும் தரவரிசையும் வேண்டாம். பத்து வயசு வரைக்கும் போட்டிக்கு அனுப்பாதையுங்கோ. என்ர மருமகன்ர ஓப்பனிங் புத்தகத்தை அண்ணியிட்டச் சொல்லி இந்த வருஷம் முழுக்க அலுமாரிக்குள்ள வைப்பிச்சிட்டன். வகுப்புக்குப் போகட்டும், நிப்பாட்டேல்லை. ஆனால் என்னோட விளையாடேக்க ஒரு நகர்வும் எழுதக் கூடாது, ஒரு நகர்வும் திருத்தவும் மாட்டன்.

எட்டாம்கட்டம்:

புத்தகத்தை வெளியே எடுங்கள் அக்கா. அது அவனுக்குப் பிடித்திருக்கலாம். மனப்பாடம் செய்வதிலும் பிள்ளைக்கு ஒரு சந்தோசம் உண்டு, தேவாரம் ஒப்புவிக்கிற பிள்ளைக்கு இல்லையா? நீங்கள் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியபோது அவன் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தான் என்று எழுதினீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை முதன்முதலாகக் கண்ட பிள்ளை அப்படித்தான் பார்க்கும். அவனிடம் அந்தப் புத்தகம் இருந்ததால்தான் உங்கள் நகர்வு அவனுக்குப் புதிதாக இருந்தது. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?

போட்டி வயது விசயத்தில் உங்களோடு நான் உடன்படப் போவதில்லை. ஏழு வயதில் தோற்கத் தெரியாத பிள்ளை பதினேழில் தோற்கிறபோது மிகவும் கஷ்டப்படும். சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு வாருங்கள், பலகைகள் போட்டிருப்பேன். மிச்சத்தை அங்கே பேசலாம், மருமகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், புத்தகத்தோடு.